காப்பியில் கலந்த மாத்திரை

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

என்னைக் கூப்பிட்டவங்க "மனநலச் சட்டம் பத்திப் பேசுங்க, ஆனா கிளாஸ் எடுக்கிற மாதிரி இருக்கக் கூடாது"ன்னு சொன்னாங்க. சரி, அப்போ சட்டத்துல ஆரம்பிக்கலை. எங்க வீட்டு அடுப்படியில ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடி மாவட்டம்னு சொன்னதும் எல்லாரும் கடல், துறைமுகம், முத்துக்குளிப்புன்னு நினைச்சுக்கிறாங்க. எங்க ஊர்ல கடல் கிடையாது. திருநெல்வேலியிலேர்ந்து திருச்செந்தூர் ரயில்ல வந்தா ஆழ்வார்திருநகரிக்கு அடுத்து நாசரேத். பனைமரம், தேரி மண்ணு, பள்ளிக்கூடங்கள், மிஷனரி காலத்து ஆஸ்பத்திரி, நடுவுல பெரிய கோயில். நாங்க சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். காலையில வீட்டுக்கு வீடு கருப்பட்டிக் காப்பி மணக்கும்.

அந்தக் கருப்பட்டிக் காப்பியிலதான் என் சித்திக்கு ஏழு மாசம் மாத்திரை கலந்து கொடுத்தேன். அவங்களுக்குத் தெரியாம. எனக்கு அப்போ 16 வயசு.

சித்தி தையல் டீச்சர். கல்யாணம் பண்ணிக்கலை, எங்ககூடத்தான் இருந்தாங்க. கொயர்ல ஆல்டோ பாடுவாங்க. 1999 கடைசியில அவங்களுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பிச்சுது. முதல்ல ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணினோம் (எங்க பக்கம் ஐயர்னா பாதிரியார்). அப்புறம் உபவாச ஜெபம். அப்புறம் ஒன்பது செவ்வாய்க்கிழமை புளியம்பட்டி அந்தோணியார் கோயில். நாங்க சி.எஸ்.ஐ., அது ஆர்.சி. கோயில். வீட்டுல ஒருத்தருக்குத் தூக்கம் இல்லாமப் போனா இந்த வித்தியாசமெல்லாம் யார் பாக்குறா?

கடைசியா ஒரு நாள் "திருச்செந்தூர் வரைக்கும் போயிட்டு வந்துருவோம்"னு சொல்லி அவங்களைக் கார்ல ஏத்தினாங்க. கார் வேற பக்கம் போச்சு. ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எந்த ஊரு, என்ன பேருன்னு சொல்லப் போறதில்லை, இன்னைக்கு அது முக்கியமும் இல்லை. வாசல்லயே ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க, ஊசி போட்டாங்க. 40 நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தப்போ முகம் ஊதியிருந்துச்சு, நாக்கு தடிச்சிருந்துச்சு, ரெண்டு கையும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. ஊசியில நூல் கோக்க முடியலை. தையல் டீச்சருக்கு.

வந்த மூணாவது வாரமே மாத்திரையைத் துப்ப ஆரம்பிச்சுட்டாங்க. "சாப்பாட்டுல கலந்து குடுங்க"ன்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பியிருந்தாங்க. அந்த வேலை எனக்கு வந்துச்சு, ஏன்னா சித்தி என்மேல சந்தேகப்படமாட்டாங்க. கரண்டியோட பின்பக்கத்தால மாத்திரையைப் பொடிச்சு, டம்ளர்ல போட்டு, மேலே காப்பியை ஊத்துவேன். கருப்பட்டியில கசப்பு தெரியாது.

ஒரு நாள் டம்ளர் அடியில கரையாத பொடி இருந்துச்சு. சித்தி பார்த்துட்டாங்க. திட்டலை, அழலை. டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சாங்க. அதுக்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு எங்க வீட்டுல யார் கையாலயும் ஒரு வாய் தண்ணிகூட வாங்கிக் குடிக்கலை. அவங்களுக்குக் கேட்ட குரல் என்ன சொல்லிக்கிட்டிருந்துச்சு தெரியுமா? "உனக்கு விஷம் வைக்கிறாங்க." அது வெறும் குரல்தான்னு நாங்க சத்தியம் பண்ணிக்கிட்டிருந்தோம். நான் அதை நிஜமாக்கிட்டேன்.

இது நடந்தது 2001 ஆகஸ்ட். அதே மாசம் 6ஆம் தேதி விடிகாலையில ஏர்வாடியில தீப்பிடிச்சது.

உங்கள்ல பலர் அப்போ பொறந்திருக்க மாட்டீங்க, அதனால கொஞ்சம் சொல்றேன். தூத்துக்குடியிலேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில வேம்பார், சாயல்குடி தாண்டிப் போனா ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. அங்க ஒரு பெரிய தர்கா. மனநோய் தீரும்னு நம்பி எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க, மாசக்கணக்குல தங்குவாங்க. அந்தக் கூட்டத்தை நம்பி தர்காவைச் சுத்தித் தனியார் 'மனநலக் காப்பகங்கள்' முளைச்சுது. குடும்பம் பணம் கட்டிட்டுப் போயிடும். காப்பகத்துல இருக்கிறவங்க கூரைக் கொட்டகையில, சங்கிலியில. அப்படிப்பட்ட ஒரு காப்பகம்தான் அன்னைக்கு எரிஞ்சது. கட்டிப் போட்டிருந்தவங்களால ஓட முடியலை. முதல்ல 25 பேர்னு சொன்னாங்க, சாவு எண்ணிக்கை 28 ஆச்சு.

மறுநாள் பேப்பர்ல கருகின சங்கிலியோட படம். அம்மா அந்தப் பக்கத்தை மடிச்சு அலமாரிக்கு மேலே வெச்சாங்க, சித்தி கண்ணுல படக் கூடாதுன்னு. நான் எடுத்துப் பார்த்தேன். நாங்க சங்கிலி போடலை, அந்த அளவுக்கு மோசமில்லைன்னு மனசைத் தேத்திக்கிட்டது ஞாபகம் இருக்கு. வக்கீலான பிறகு யோசிச்சா, அந்த 28 பேரோட குடும்பங்களும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கும்: 'நாங்க கைவிடலை, ஒரு இடத்துல சேர்த்திருக்கோம்.'

ஒரு வாரத்துல அந்த மாதிரி காப்பகங்களை அரசு மூடிச்சு, 500 பேருக்கு மேல அரசுப் பொறுப்புக்கு வந்தாங்க. உச்ச நீதிமன்றம் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கா எடுத்துக்கிச்சு. 2001ஆம் வருஷத்து 334ஆம் எண் ரிட் மனு. தலைப்பே 'தமிழ்நாட்டில் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம் தொடர்பாக'ன்னுதான் இருக்கும். சட்டக் கல்லூரியில அந்தத் தலைப்பைப் படிச்சப்போ, வழக்குல மனுதாரர்னு ஒரு ஆள்கூட இல்லையேன்னு தோணுச்சு. செத்தவங்கதான் மனுதாரர்.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். தர்கா, கோயில்னாலே கொடுமைன்னு நான் நினைக்கலை. 2002ல நிம்ஹான்ஸ் டாக்டர் ரகுராமும் கூட இருந்தவங்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. தமிழ்நாட்டுல ஒரு முத்துசாமி கோயில்ல வந்து தங்கின 31 பேரைப் பார்த்தாங்க. மருந்து கிடையாது, சங்கிலி கிடையாது. சில வாரம் தங்கினதுலயே நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. ஆனாலும் யாரும் அதட்டாத ஒரு இடத்துல, கூட ஒரு சொந்தக்காரரோட, நாலு வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா மனுஷனுக்கு என்ன ஆகும்னு அது காட்டுது. எங்க சித்திக்குப் புளியம்பட்டிதான் பிடிச்சிருந்துச்சு, ஆஸ்பத்திரி இல்லை. அதையும் நாங்க கேட்டுக்கலை.

இப்போ சட்டத்துக்கு வர்றேன்.

சித்தியைக் கார்ல ஏத்தின காலத்துல இருந்தது 1987ஆம் வருஷத்து மனநலச் சட்டம். அதுல 19ஆம் பிரிவுன்னு ஒண்ணு. சொந்தக்காரரோ நண்பரோ விண்ணப்பம் குடுத்து, ரெண்டு டாக்டர் சான்றிதழ் இருந்தா, சம்மதம் சொல்லாத ஆளை 90 நாள் வரைக்கும் உள்ளே வைக்கலாம். உள்ளே போனவங்களுக்கு என்ன மருந்து, வேண்டாம்னு சொல்ல முடியுமான்னு அந்தச் சட்டம் பெருசா கவலைப்படலை. உள்ளே வெச்சுட்டா மருந்து தானா வந்துரும்ங்கிற நினைப்பு.

2007ல இந்தியா ஐ.நா.வோட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏத்துக்கிச்சு. அதுக்குத் தக்கபடி சட்டத்தை மாத்த வேண்டி வந்துச்சு. அப்படி வந்ததுதான் 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே மாசம் நடைமுறைக்கு வந்துச்சு. இதுல முதல் மாற்றமே, மனநோய் இருக்குன்னு சொன்ன உடனே ஒருத்தருக்கு முடிவெடுக்கிற திறன் இல்லைன்னு ஆகாது. டாக்டர் எதிர்ல உக்காந்து, நிலைமையைப் புரிஞ்சு, 'இது வேணும், இது வேண்டாம்'னு சொல்ல முடிஞ்சா அந்த வார்த்தைதான் செல்லும். அந்த முடிவு தப்பா இருக்குன்னு மத்தவங்க நினைச்சாலும் சரி. இதை நான் எத்தனை குடும்பத்துக்கிட்ட சொல்லியிருக்கேன்னு கணக்கில்லை. "அவனுக்கு நோய்ங்கிறதே அவனுக்குத் தெரியலையே மேடம்"னு சொல்லுவாங்க. சில சமயம் அது உண்மையாவும் இருக்கும். அதனாலதான் 89ஆம் பிரிவு.

அந்தப் பிரிவுப்படி சம்மதமில்லாம ஒருத்தரைச் சேர்க்கணும்னா ரெண்டு பேர் தனித்தனியா பரிசோதிக்கணும், அதுல ஒருத்தர் மனநல மருத்துவர். தன்னைக் காயப்படுத்திக்கிற ஆபத்து, மத்தவங்களைத் தாக்குற ஆபத்து, இல்லைன்னா தன்னைப் பாத்துக்கவே முடியாத நிலை, இதுல ஒண்ணு இருக்கணும். இதைவிடக் கம்மியா கட்டுப்படுத்துற வேற வழி இல்லைன்னும் இருக்கணும். அதிகபட்சம் 30 நாள். அந்தச் சேர்க்கையை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள்ள தெரிவிக்கணும், பெண்ணா இருந்தா 3 நாளுக்குள்ள. உள்ளே இருக்கிறவரே வாரியத்துக்கு எழுதலாம், வாரியம் 7 நாள்ல முடிவு சொல்லணும். 27ஆம் பிரிவுப்படி வக்கீல் இலவசம். 15100ன்னு ஒரு நம்பர், சட்டப் பணிகள் ஆணையத்தோடது, அதுல கூப்பிட்டுக் கேக்கலாம். எழுதி வெச்சுக்கோங்க.

சங்கிலி? 95ஆம் பிரிவு: எந்த விதத்துலயும் கூடாது. மயக்க மருந்து இல்லாம ஷாக் குடுக்கிறதும் கூடாது. கையைக் காலைக் கட்டுறதுக்கு 97ஆம் பிரிவுல தனி நிபந்தனைகள். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி, ஆள் பத்தலைங்கிறதுக்காக யாரையும் கட்டக் கூடாதுன்னு இருக்கே, அதுதான். அந்த வரியை எழுதினவர் ஏதோ ஒரு வார்டுல ராத்திரி நேரத்துல நின்னு பார்த்திருக்கணும்.

இவ்வளவு சொன்ன பிறகும் 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் திரும்ப ஒரு சங்கிலியைப் பத்திப் பேச வேண்டியதாச்சு. உத்தரப் பிரதேசத்துல பதாயூன்ல ஒரு வழிபாட்டிடக் காப்பகம். கௌரவ் குமார் பன்சால்ங்கிற வக்கீல் படங்களோட போய் நின்னார். சங்கிலி போடுறது உயிர்வாழும் உரிமைக்கே விரோதம்னு நீதிமன்றம் சொல்லிச்சு. ஏர்வாடிக்கு 17 வருஷம் கழிச்சு.

உங்க வயசுக்காரங்ககிட்டேர்ந்து எனக்கு வர்ற கேள்வி வேற மாதிரி. 'வேற சாதிப் பையனைக் காதலிக்கிறேன், வீட்டுல சைக்யாட்ரிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க.' 'நான் கே-ன்னு சொன்னேன், மாத்திரை குடுக்கிறாங்க.' சட்டத்தோட 3ஆம் பிரிவே இதுக்காகத்தான். குடும்பத்தோட, சமூகத்தோட ஒழுக்க மதிப்புகளுக்கு ஒத்துப்போகலைங்கிறதை வெச்சு ஒருத்தருக்கு மனநோய்னு முடிவு பண்ணக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன்ல குடுத்த உத்தரவு, பாலின ஈர்ப்பை 'குணப்படுத்துற' சிகிச்சையைத் தடை செஞ்சுது. அந்த உத்தரவைக் குடுக்கிறதுக்கு முன்னால தனக்கே இதுல புரிதல் போதாதுன்னு அவர் ஒரு உளவியலாளர்கிட்ட போய் உக்காந்தார். நீதிபதிகள்ல இது அபூர்வம். 2018ல டெல்லி உயர் நீதிமன்றத்துலயும் ஒரு வழக்கு. வீட்டை விட்டு வெளியே தங்கியிருந்த மேஜரான பெண்ணை, பெத்தவங்க போலீஸைக் கூட்டிட்டு வந்து தூக்கிட்டுப் போய் மனநல மருத்துவமனையில சேர்த்துட்டாங்க. நீதிபதி முரளிதர் அமர்வு அதைச் சட்டவிரோதம்னு சொல்லி நஷ்ட ஈடு குடுக்க வெச்சுது. இந்த மாதிரி நிலைமையில ஆட்கொணர்வு மனுதான் வேகமான வழி. நம்ம தென்மாவட்டத்துக்கு மதுரைக் கிளை.

சரி, மாத்திரை. நான் டாக்டர் இல்லை, அதனால ஜாக்கிரதையா பேசுறேன். இதைக் கேட்டுட்டு யாரும் தானா மாத்திரையை நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்துறது, ஆரம்பிச்சதைவிட ஆபத்தா முடியலாம். குறைக்கணும்னா டாக்டர்கூட உக்காந்து மெதுவாத்தான் குறைக்கணும். இந்த மருந்துகளால எழுந்து நின்னவங்களை எனக்குத் தெரியும்.

ஆனா என்கிட்ட வர்ற சீட்டுகளையும் பாக்குறேன். ஒரே வேலை செய்யுற மூணு மருந்து. அதனால வர்ற நடுக்கத்துக்கு நாலாவது. அதனால வர்ற மலச்சிக்கலுக்கு அஞ்சாவது. 'இது எதுக்கு?'ன்னு கேட்டா வீட்டுல யாருக்கும் தெரியாது. சாப்பிடுறவருக்கும் தெரியாது. 22ஆம் பிரிவு, என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவுன்னு புரியுற மொழியில சொல்லணும்னு சொல்லுது. 25ஆம் பிரிவுப்படி உங்க மருத்துவப் பதிவேட்டைக் கேட்டு வாங்கலாம். கேக்குறவங்க குறைவு.

ஒலான்சபின்ங்கிற மருந்து நம்ம ஊர்ல சாதாரணமா எழுதுறது. அமெரிக்காவுல அதைக் கண்டுபிடிச்ச எலை லில்லி கம்பெனி 'ஜைப்ரெக்ஸா'ன்னு வித்துச்சு. உடம்பு எடை கூடுறது, சர்க்கரை ஏறுறது பத்தின கம்பெனியோட உள் ஆவணங்கள் 2006 டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸ்ல வெளியாச்சு. வெளியே கொண்டுவந்தவர் ஜிம் காட்ஸ்டைன், அலாஸ்காவுல ஒரு வக்கீல். ஒரு காலத்துல அவரே மனநல மருத்துவமனையில இருந்தவர். 2009ல அந்த மருந்தை அனுமதி இல்லாத உபயோகத்துக்கு விளம்பரப்படுத்தினதுக்காக கம்பெனி சுமார் 140 கோடி டாலர் கட்டிச்சு. அதே காட்ஸ்டைன் 2006ல மையர்ஸ் வழக்குல அலாஸ்கா உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சார். அவசர நிலைமை இல்லாதப்போ கட்டாயமா மருந்து குடுக்கணும்னா, அது அந்த ஆளோட நலனுக்குத்தான்னும், அதைவிட மென்மையான வழி இல்லைன்னும் நீதிமன்றத்துல நிரூபிக்கணும். டாக்டர் சொன்னார்ங்கிறது மட்டும் போதாது.

நம்ம நாட்டுல இதைவிடக் கடுமையா பேசினவர் பார்கவி தாவர். பூனாவுல பாபு டிரஸ்ட் ஆரம்பிச்சவர், 2024ல காலமானார். சின்ன வயசுல அம்மாவை மனநல விடுதிகள்ல பார்த்து வளர்ந்தவர். 2017 சட்டத்தையே அவர் ஏத்துக்கலை. கட்டாயச் சேர்க்கைக்கு ஒரு கதவு திறந்திருக்கிற வரைக்கும் அது உரிமைச் சட்டம் ஆகாதுங்கிறது அவர் வாதம். ஐ.நா. குழுவும் 2014லேயே ஏறக்குறைய அதைத்தான் சொல்லிச்சு: ஒருத்தருக்காக இன்னொருத்தர் முடிவெடுக்கிறதை விட்டுட்டு, முடிவெடுக்க உதவி பண்ணுங்க. எனக்கு மனசு அவர் பக்கம். ஆனா நடுராத்திரி ரெண்டு மணிக்கு, தம்பி மாடியில கைப்பிடிச் சுவர்மேல நிக்கிறான்னு ஒரு அக்கா போன்ல அழும்போது, அந்தக் கதவே வேண்டாம்னு என்னால சொல்ல முடியலை. இதை ஒளிக்காம சொல்லிடுறேன்.

எங்க அம்மாவைப் பத்தியும் சொல்லணும். அவங்க கெட்டவங்க இல்லை. பகல்ல ஸ்கூல் வேலை, ராத்திரி தூங்காத தங்கச்சி. பக்கத்துல கூப்பிட்டா வந்து பாக்குற டாக்டரோ நர்ஸோ இல்லை. கலந்து குடுன்னு சொன்னது ஒரு ஆஸ்பத்திரி, ஏதோ வீட்டு வைத்தியம் இல்லை. 'அவகிட்ட கேட்டுப் பாருங்க'ன்னு அம்மாகிட்ட யாரும் சொல்லவே இல்லை.

சித்தி இப்போ அறுபதைத் தாண்டிட்டாங்க. நாசரேத்துலதான், தனியா. அவங்களே தேடிக்கிட்ட ஒரு டாக்டர்கிட்ட, ஒரே ஒரு மாத்திரை, குறைஞ்ச அளவுல சாப்பிடுறாங்க. குரல் முழுசா போகலை. "அது பாட்டுக்குப் பேசிக்கிட்டுக் கெடக்கும், நான் பாட்டுக்குத் தைப்பேன்"ங்கிறாங்க.

2019ல 5ஆம் பிரிவைப் பத்தி அவங்ககிட்ட சொன்னேன். முன்கூட்டிய அறிவுறுத்தல்னு பேரு. நல்லா இருக்கும்போதே, 'எனக்குத் திரும்ப முடியாமப் போனா இப்படிப் பாத்துக்கோங்க, இப்படிப் பண்ணாதீங்க'ன்னு எழுதி, ரெண்டு சாட்சி போட்டு, வாரியத்துல பதிவு பண்ணிக்கலாம். முதல் 72 மணி நேர அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது, மத்தபடி டாக்டர் அதை மதிக்கணும். சித்தி கேட்டுட்டு, தையல் நோட்டோட கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்தாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கை நடுங்க வெச்ச அந்த மருந்து வேண்டாம், பேரும் ஞாபகம் வெச்சிருந்தாங்க. எங்க போறோம்னு பொய் சொல்லி வண்டியில ஏத்தக் கூடாது. ஊசி போடுறதுக்கு முன்னால என்ன ஊசின்னு சொல்லணும். சாப்பாட்டுலயோ காப்பியிலயோ எதையும் கலக்கக் கூடாது.

அந்த நாலாவதை எழுதும்போது நான் தலையைத் தூக்கலை.

அடுத்து, நியமனப் பிரதிநிதி. அவங்களால பேச முடியாத நேரத்துல அவங்களுக்காகப் பேசுற ஆள். சொந்தக்காரரா இருக்கணும்னு இல்லை, மேஜரான யாரா இருந்தாலும் சரி. வக்கீல், அக்கா மகள், பேர் எழுதத் தயாரா பேனாவோட நான் உக்காந்திருக்கேன். சித்தி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, கொயர்ல பக்கத்துல நின்னு பாடுற அவங்க சிநேகிதி பேரைச் சொன்னாங்க.

"ஏட்டி, எழுது"ன்னாங்க. எழுதினேன்.

அப்புறம் அவங்களே எழுந்து போய் ரெண்டு டம்ளர்ல காப்பி போட்டுக் கொண்டுவந்தாங்க.